குலுக்கல் சீட்டும் கதவு நம்பரும்

போன போகிக்கு முன்னாடி பரண் மேல கிடந்த தகரப் பெட்டியை இறக்கினேன். தங்கமணி உத்தரவு. எரிக்கறதா, எடைக்குப் போடறதா, வெச்சுக்கறதான்னு மூணு குவியலா பிரிச்சுக்கிட்டே வந்ததுல அப்பாவோட பழைய ரசீது ஒண்ணு கையில சிக்குச்சு. 1984-ல ஹவுசிங் போர்டு வீட்டுக்கு விண்ணப்பம் போட்டு முன்பணம் கட்டின ரசீது. மடிப்புல கிழிஞ்சு, ஓரமெல்லாம் பூச்சி அரிச்சு, ஆனா ரப்பர் ஸ்டாம்ப் மட்டும் பளிச்சுன்னு இருந்துது. கொசுவத்தி சுத்த ஆரம்பிச்சுடுச்சு.

அப்பா அப்போ கிண்டி எஸ்டேட்ல ஒரு கம்பெனியில கிளார்க். மேற்கு தாம்பரத்துல ஒண்டுக்குடித்தனம். குலுக்கல் நடந்த அன்னைக்கு லீவு போட்டுட்டுப் போனார். சாயங்காலம் வெறுங்கையோட திரும்பி வந்து, "நம்ம நம்பர் விழல"ன்னு மட்டும் சொன்னதா அம்மா சொல்லுவாங்க. அடுத்த தடவையும் போட்டார். அப்பவும் விழல. மூணாவது தடவை போடல. செம்பாக்கத்துல அரை கிரவுண்டு, பஞ்சாயத்து அப்ரூவ்டு மனை, தவணையில வாங்கினார். அதுல கட்டின வீட்டுலதான் இப்பவும் இருக்கோம்.

இந்த ரசீதை மேசை மேல வெச்சிருந்தப்போ எங்க தெருவுல ரெண்டு மூணு வீட்டுல வேலை செய்யற அக்கா பார்த்தாங்க. பெரும்பாக்கத்துலேருந்து பஸ்ல வர்றவங்க. "என்னா தம்பி இது?"ன்னாங்க. வீட்டுக்கு அப்ளிகேஷன் போட்ட ரசீதுன்னேன். சிரிச்சுட்டாங்க. "வீட்டுக்கு அப்ளிகேஷன்லாம் போடுவாங்களா? நாங்க எங்க போட்டோம்? இடிச்சாங்க, குடுத்தாங்க."

அந்த ஒரு வரி என்னை ரெண்டு வாரம் தூங்கவிடல. ஒரே அரசாங்கம், ஒரே ஊரு. கேட்டவருக்குக் கிடைக்கல. கேக்காதவங்களுக்குக் கையில திணிச்சிருக்காங்க. யாருக்கு வீடுன்னு இங்க எப்படித்தான் முடிவாகுது? தோண்டிப் பார்த்தேன். கொஞ்சம் நீளமான பதிவு, டீயோ காபியோ எடுத்துக்கிட்டு உக்காருங்க.

சி.ஐ.டி. நகர், சி.ஐ.டி. காலனின்னு சொல்றோமே, அந்த சி.ஐ.டி.க்கும் துப்பறியறதுக்கும் சம்பந்தம் இல்ல. (சின்ன வயசுல சி.ஐ.டி. நகர் முழுக்க ஜெய்சங்கர் மாதிரி ஆளுங்க சுத்துவாங்கன்னு நெனச்சிருக்கேன்.) சிட்டி இம்ப்ரூவ்மென்ட் டிரஸ்ட், அதாவது நகர மேம்பாட்டு அறக்கட்டளை. சுதந்திரத்தை ஒட்டி 1940-களின் கடைசியில உருவானது. யுத்தம் முடிஞ்சு கிராமத்துலேருந்து ஜனங்க பட்டணத்துக்குக் குவிஞ்ச காலம். நிலத்தை எடுத்து, மனை பிரிச்சு, வீடு கட்டிக் கொடுக்கற வேலையை இது செஞ்சுது. 1961-ல இது கலைக்கப்பட்டு அந்த இடத்துல வந்ததுதான் வீட்டுவசதி வாரியம். நம்ம பாஷையில ஹவுசிங் போர்டு. அசோக் நகர், கே.கே. நகர், 1968 உலகப் பொருட்காட்சிக்கு அப்புறம் வளர்ந்த அண்ணா நகர், பெசன்ட் நகர், சாஸ்திரி நகர், அடையாறு இந்திரா நகர் எல்லாமே இந்த வாரியத்தோட கைவண்ணம்.

இந்த வாரியம்தான் சென்னை மத்தியதர வர்க்கத்துக்கு மூணு புது ஜாதியைக் கொடுத்துது. எல்.ஐ.ஜி., எம்.ஐ.ஜி., ஹெச்.ஐ.ஜி. குறைந்த வருவாய், நடுத்தர வருவாய், உயர் வருவாய். "அவங்க ஹெச்.ஐ.ஜி. வீடு"ன்னு சொல்றப்போ குரல்ல வர்ற மரியாதையைக் கவனிச்சிருக்கீங்களா? மாச வருமானம் எவ்வளவுங்கறதை வெச்சு பிரிவு. உங்க பேர்லயோ மனைவி பேர்லயோ மைனர் பிள்ளைங்க பேர்லயோ சொந்த வீடு இருக்கக்கூடாது. அப்புறம் ஒதுக்கீடு. ஆதிதிராவிடருக்கு 18 சதவீதம், பழங்குடிக்கு 1 சதவீதம். அரசு ஊழியர், மத்திய அரசு ஊழியர், ராணுவத்தினர், பத்திரிகையாளர், சலவைத் தொழிலாளரும் முடிதிருத்துவோரும், மொழிப்போர் தியாகிகள்னு ஒவ்வொருத்தருக்கும் தனித்தனிப் பங்கு. இந்தப் பட்டியலைப் படிச்சாலே தமிழ்நாட்டு அரசியல் வரலாறு கிடைச்சுடும், தனியா புஸ்தகம் வேண்டாம். மிச்சம் இருக்கறது பொதுப் பிரிவு. எங்கப்பா மாதிரி ஆளுங்க எல்லாம் அந்த மிச்சத்துல முண்டியடிக்கணும். எல்லாப் பிரிவுக்குள்ளயும் முடிவு பண்றது குலுக்கல்.

குலுக்கல்ல ஒரு நியாயம் இருக்கு, மறுக்கல. எம்.எல்.ஏ. சிபாரிசு பெட்டிக்குள்ள கையை விட முடியாது. ஆனா பெட்டிக்கு வெளியேயே ஒரு பங்கை எடுத்து வெச்சிருந்தாங்க. அரசு விருப்புரிமை ஒதுக்கீடுன்னு பேரு, 15 சதவீதம். விதவைகள், சமூக சேவகர்கள், அப்பழுக்கற்ற அரசு ஊழியர்கள் போன்றவங்களுக்கு அரசே பார்த்துக் கொடுக்கறது. 2010, 2011 வாக்குல தகவல் உரிமைச் சட்டத்துல கேட்டு வாங்கின பட்டியல்கள் பத்திரிகைகள்ல வந்தப்போ, பெரிய அதிகாரிகளும் அரசியல் புள்ளிகளோட சொந்தக்காரங்களும் அதுல வரிசையா இருந்தாங்க. அப்பழுக்கற்றவர்னு ஒருத்தருக்கு சர்டிபிகேட் எந்த ஆபீஸ்ல, எந்தக் கவுன்ட்டர்ல கொடுத்தாங்கன்னு எனக்கு இன்னும் புரியல.

குலுக்கல் கேக்காத கேள்வி ஒண்ணு இருக்கு. இதுல யாருக்கு வீடு ரொம்ப அவசரம்? பெட்டிக்குள்ள விழுந்த சீட்டு எல்லாம் சமம். ஆறு பேர் ஒரே ரூம்ல படுக்கறவனும், மாமனார் வீட்டு மாடியில சுகமா இருக்கறவனும் ஒண்ணுதான். அதைவிட முக்கியமா, பெட்டிக்குள்ள சீட்டுப் போடவே ஒரு தகுதி வேணும். முன்பணம் கட்டணும், வருமானச் சான்று காட்டணும், பல வருஷம் தவணை கட்டற தெம்பு வேணும். கூவம் ஓரம் குடிசை போட்டு மீன்பாடி வண்டி ஓட்டறவரால அது முடியாது. அவருக்கு எல்.ஐ.ஜி.யே எட்டாத உயரம்.

அவருக்காகத்தான் 1970-ல தனியா ஒரு வாரியம் வந்துது. குடிசை மாற்று வாரியம். கருணாநிதி முதல்வரா இருந்தப்போ தொடங்கினது. ஏழையின் சிரிப்பில் இறைவனைக் காண்போம்ங்கற அண்ணா பேரால வழங்கற வாசகம்தான் அதோட முழக்கம். ஏழு வருஷத்துல சென்னையில குடிசையே இருக்கக்கூடாதுன்னு இலக்கு. ஏழு வருஷம்! 2021-ல இதோட பேரு தமிழ்நாடு நகர்ப்புற வாழ்விட மேம்பாட்டு வாரியம்னு மாறிடுச்சு. ஜனங்க வாயில இன்னும் ஸ்லம் போர்டுதான்.

அந்த ஆரம்ப காலத்தைப் பத்தி ஒரு நல்ல விஷயம் சொல்லணும். அப்போ கட்டின மூணு மாடி, நாலு மாடி குடியிருப்புகள் பெரும்பாலும் குடிசை இருந்த இடத்துலயே, இல்லன்னா பக்கத்துலயே வந்துது. மெரினா ஓரம் நொச்சிக்குப்பம் நல்ல உதாரணம். மீனவனைக் கடற்கரையிலயே வெச்சாங்க. வீடு சின்னதுதான், ஒழுகும்தான். ஆனா வலையும் கட்டுமரமும் கூப்பிடு தூரத்துல.

இந்த வாரியத்துக்கான சட்டம் 1971-ல வந்துது. அரசு ஒரு இடத்தைக் குடிசைப் பகுதின்னு பிரகடனம் செய்யணும். பிரகடனம் ஆச்சுன்னா அங்க தண்ணி, கக்கூஸ், தெருவிளக்கு வந்தாகணும், இருக்கறவங்களை நெனச்சபடி கிளப்ப முடியாது. அந்த 1971-ல கணக்கெடுத்து 1,202 இடங்களைப் பட்டியல்ல சேர்த்தாங்க. 1985-ல இன்னும் 17. அதோட பட்டியல் நின்னு போச்சு. அதுக்கப்புறம் முளைச்ச குடிசைப் பகுதி எதுவும் சட்டத்தோட கண்ணுக்குப் படல. 1986-க்கு அப்புறம் பட்டணம் வந்தவன் சட்டப்படி குடிசைவாசி கூட இல்ல, ஆக்கிரமிப்பாளன். இதை முதல்ல படிச்சப்போ ஏதோ தப்பாப் படிக்கறோமோன்னு மறுபடி தேடினேன். தப்பு இல்ல.

1985-ன்னதும் இன்னொண்ணும் ஞாபகம் வருது. பம்பாய் நடைபாதைவாசிகள் பத்தின ஓல்கா டெல்லிஸ் வழக்குல, வாழ்வாதாரமும் உயிர் வாழும் உரிமையோட பாகம்தான்னு உச்ச நீதிமன்றம் சொன்னது அந்த வருஷம். அதே சமயத்துல சென்னைக் குடிசைவாசிகளுக்காகவும் ஒரு வழக்கு அங்க முடிவாச்சு. போட்டவர் வழக்கறிஞர் கே. சந்துரு. ஆமாம், பின்னாடி நீதிபதி ஆனாரே, ஜெய் பீம் படத்துல சூர்யா நடிச்ச பாத்திரத்துக்கு மூலமானவர், அவரேதான்.

நடுவுல உலக வங்கி வந்து ஒரு நல்ல திருப்பம் கொடுத்துது. 1977-ல ஆரம்பிச்ச சென்னை நகர வளர்ச்சித் திட்டம். வீடு கட்டிக் கொடுக்காதே, மனையைப் பிரிச்சு ரோடு, தண்ணி, சாக்கடை போட்டுக் கொடு, வீட்டை அவனே கட்டிப்பான்னு சொன்னாங்க. அரும்பாக்கம், வில்லிவாக்கம், கொடுங்கையூர்னு வந்துது. பெரிய மனையை அதிக விலைக்கு வித்து, அந்தக் காசுல சின்ன மனையை ஏழைக்குக் கட்டுப்படியாகற விலையில கொடுக்கறது. அதோட கூடவே, இருக்கற குடிசைப் பகுதியை அங்கேயே சீர்படுத்தி மனைக்கு உரிமை கொடுக்கறது. இன்னைக்கு அந்த ஏரியாக்கள்ல போய்ப் பாருங்க, சாதாரண நடுத்தரத் தெருவா கலந்து கிடக்கும். ஏழைக்குன்னு தனி ஊர் கட்டாத காலம் அது.

தனி ஊர் கட்டற காலம் நம்ம தெற்குப் பக்கம் 2000-ல வந்துது. ஒக்கியம் துரைப்பாக்கத்துல, பள்ளிக்கரணை சதுப்பு நிலத்துத் தண்ணி பக்கிங்ஹாம் கால்வாய்க்குப் போற ஒக்கியம் மடுவுக்குப் பக்கத்துல, கண்ணகி நகர். பறக்கும் ரயில் பாதைக்காக, கால்வாய் ஓரம் சுத்தம் பண்ண, ஆத்தோரம் விரிவாக்கன்னு நகரத்துல இடிபட்ட குடும்பங்களை லாரியில ஏத்தி இங்க கொண்டு வந்து விட்டாங்க. முதல்ல கட்டின வீடுகள் ஏறக்குறைய 200 சதுர அடி. எங்க வீட்டு ஹாலை விடக் கொஞ்சம்தான் பெருசு. கொஞ்சம் கொஞ்சமா வளர்ந்து 15,600 வீட்டுக்கு மேல ஆச்சு. இருக்கற இடத்தை விட்டு இன்னொரு நகரத்துக்குப் போய் நியாயம் கேட்ட பொம்பளை பேரை இந்த இடத்துக்கு யார் யோசிச்சு வெச்சாங்களோ.

அப்புறம் செம்மஞ்சேரி, 6,700-க்கு மேல வீடு. 2004 சுனாமிக்கு அப்புறம் பட்டினப்பாக்கம் பக்கத்துக் கடற்கரைக் குடும்பங்கள் பலதை இங்கயும் கண்ணகி நகர்லயும் கொண்டு வந்து வெச்சாங்க. நொச்சிக்குப்பத்துல 1970-கள்ல மீனவனைக் கடலோரம் வெச்ச அதே வாரியம், முப்பது வருஷத்துல அவனைக் கடல் தெரியாத இடத்துல வெச்சுது. அதுக்கப்புறம் பெரும்பாக்கம். 2005-ல மத்திய அரசு கொண்டு வந்த நேரு பேர்ல இருந்த நகர்ப்புற புனரமைப்புத் திட்டத்துக் காசுல, எட்டடுக்குக் கட்டடங்களா, 20,000 வீட்டுக்கும் மேல. மேடவாக்கம் - சோழிங்கநல்லூர் ரோட்டுல போறப்போ தூரத்துல வரிசையா தீப்பெட்டி அடுக்கின மாதிரி தெரியுமே, அதுதான். மூணு இடத்தையும் சேர்த்து எழில் நகர் வீடுகளையும் கூட்டினா அம்பதாயிரத்தைத் தாண்டும். இந்தியாவுலயே இவ்வளவு ஏழைக் குடும்பங்களை இவ்வளவு கிட்டக்கிட்ட கொண்டு வந்து குவிச்ச இடங்கள் ரொம்பக் கம்மி.

சரி, மேட்டருக்கு வருவோம். இந்த அம்பதாயிரம் வீட்டை யாருக்குன்னு எப்படி ஒதுக்கினாங்க?

விண்ணப்பம் கிடையாது. முதல்ல கணக்கெடுப்பு. ஆத்தோரக் குடிசைக்கு ஒரு நாள் ஆளுங்க வருவாங்க, கதவுலயோ சுவத்துலயோ பெயின்ட்ல ஒரு நம்பர் எழுதுவாங்க. ரேஷன் கார்டு, வாக்காளர் அட்டை, பின்னாடி காலத்துல ஆதார், கைரேகை. அந்த நம்பர்தான் எல்லாம். நம்பர் விழுந்த வீட்டுக்கு மாற்று வீடு. அன்னைக்குப் பூட்டிட்டு வேலைக்குப் போயிருந்தா, ஊர்த் திருவிழாவுக்குப் போயிருந்தா, ஆஸ்பத்திரியில இருந்திருந்தா, அப்புறம் மனு எழுதிக்கிட்டு நடக்கணும். வாடகைக்கு இருந்தவன் கதை இன்னும் சிக்கல். குடிசை ஒருத்தனோடது, குடியிருக்கறது இன்னொருத்தன், வீடு யாருக்கு? ஒரே கதவுக்குப் பின்னாடி மாமியார், ரெண்டு மருமகள், மூணு அடுப்பு. சுவத்துல நம்பர் ஒண்ணு. கதவை எண்ணறதா, அடுப்பை எண்ணறதாங்கறதுலதான் இந்த மொத்த விவகாரத்தோட உயிரே இருக்கு. கதவை எண்ணினா அரசுக்கு ஒரு வீடு போதும். அடுப்பை எண்ணினா மூணு வேணும்.

அடுத்தது, எந்த வீடு? இங்கயும் குலுக்கல்தான். முடியாதவங்களுக்கும் மாற்றுத்திறனாளிகளுக்கும் தரைத்தளத்துல முன்னுரிமை, மத்தவங்களுக்குச் சீட்டுல பிளாக், மாடி, கதவு எண் விழும். பாரபட்சம் இல்லாம இருக்கணும்னு செஞ்ச ஏற்பாடுதான். ஆனா நாற்பது வருஷமா ஒரே சந்துல இருந்த பத்து குடும்பம், சீட்டு எடுத்து முடிச்சப்போ பத்து பிளாக்ல சிதறிடுச்சு. நான் வேலைக்குப் போறப்போ என் புள்ளையைப் பார்த்துக்கறவ அடுத்த குடிசை; இப்போ அவ எந்தப் பிளாக்னே தெரியல. சீட்டுக் கட்டு வாங்கறது கடன், குழந்தை பார்த்துக்கறது, ராத்திரி ஆம்புலன்சுக்கு ஓடறதுன்னு ஒரு சந்து செய்யற வேலை எல்லாம் எந்தப் படிவத்துலயும் வராது. எங்க அக்காவுக்கு விழுந்தது ஆறாவது மாடி. ஒதுக்கீட்டு ஆணையை லேமினேட் பண்ணி சாமி படத்துக்குப் பின்னாடி வெச்சிருக்காங்களாம். "அது இல்லாட்டி நாங்க யாருமே இல்ல தம்பி."

அவங்க சைதாப்பேட்டை ஆத்தோரம். 2015 டிசம்பர் வெள்ளத்துல அடையாறு ஊருக்குள்ள வந்ததே, அதுக்கு அப்புறம் கிளப்பப்பட்ட ஆயிரக்கணக்கான குடும்பத்துல ஒண்ணு. வெள்ள அபாயம்னு சொல்லி எடுத்துட்டு வந்து விட்ட இடம் பள்ளிக்கரணை சதுப்பு நிலத்தோட விளிம்பு. அதே 2015 வெள்ளத்துல பெரும்பாக்கமும் செம்மஞ்சேரியும் தண்ணியில நின்னுது. இதுக்கு நான் தனியா எதுவும் சொல்ல வேண்டியதில்ல. 2019 கடைசியில தீவுத்திடல் பக்கம் சத்தியவாணி முத்து நகர் குடும்பங்களை பெரும்பாக்கத்துக்கு அனுப்பினப்போ பள்ளிக்கூடம் பாதி வருஷத்துல நடந்துக்கிட்டிருந்துது. பொதுத்தேர்வுக்கு மூணு மாசம். லாரியில சாமானோட புஸ்தகப் பையும் வந்துது. பின்னால வந்த நடைமுறையில சாமான் ஏத்தறதுக்கு 5,000 ரூபாய், ஒரு வருஷத்துக்கு மாசம் 2,500 ரூபாய் உதவித்தொகைன்னு கொடுத்தாங்க. இல்லாததுக்கு இது பரவாயில்லதான். சைதாப்பேட்டையில நாலு வீட்டுல வேலை செஞ்சவங்க பெரும்பாக்கத்துல வீடு தேடிப் பிடிக்க எவ்வளவு மாசம் ஆகும்னு யோசிச்சுப் பார்த்தா கணக்கு உதைக்கும். 2021-ல மகளிருக்கு டவுன் பஸ் இலவசம் ஆனது இவங்களுக்கு எவ்வளவு பெரிய விஷயம்னு ஏ.சி. கார்ல போற நண்பர்கள் சிலருக்குப் புரியவே இல்ல. அக்கா செம்பாக்கம் வரைக்கும் வர்றதே அந்த பிங்க் பஸ் தைரியத்துலதான்.

இதுல உள்ளாட்சி எங்க வருது? எங்கயும் வரல. பெரும்பாக்கம் கிராம ஊராட்சி. 2021-ல அஞ்சு நகராட்சி, அஞ்சு பேரூராட்சியைச் சேர்த்துத் தாம்பரம் மாநகராட்சி உருவானப்போ எங்க செம்பாக்கம் உள்ள போச்சு, பெரும்பாக்கம் போகல. ஒரு கிராம ஊராட்சியோட எல்லைக்குள்ள இருபதாயிரம் வீடு முளைச்சுது. யாரு வரணும், எத்தனை பேரு, எப்போன்னு முடிவு பண்ணதுல ஊராட்சித் தலைவருக்குப் பங்கு இல்ல. ஒக்கியம் துரைப்பாக்கமும் 2011-ல சென்னை மாநகராட்சியோட சேரற வரைக்கும் ஊராட்சிதான். குப்பை அள்ளறது, தெருவிளக்கு, வந்தவங்க மேல பழைய ஊர்க்காரங்களுக்கு வர்ற கோபம், இதெல்லாம் மட்டும் ஊருக்கு.

வெளிநாட்டுல வேற மாதிரின்னு கேள்வி. சிங்கப்பூர் நண்பர்கள் எச்.டி.பி. பத்தி எழுதி எழுதி நம்மைப் பொறாமைப்பட வெச்சாச்சு. 1960-ல ஆரம்பிச்சு, நாட்டுல பெரும்பாலானவங்களை அரசு கட்டின வீட்டுல குடியேத்தினாங்க. அங்கயும் குலுக்கல் உண்டு, 1989-லேருந்து பிளாக்குக்கு பிளாக் இன விகிதாசாரம் உண்டு. ஆனா எந்தப் பேட்டைன்னு நீங்க தேர்ந்தெடுத்து விண்ணப்பிக்கலாம்.

லண்டன்ல கவுன்சில் வீடு. உள்ளாட்சியே கட்டி, உள்ளாட்சியே பதிவேடு வெச்சு, உள்ளாட்சியே ஒதுக்கறது. இடநெருக்கடிக்கு இவ்வளவு, நோய்க்கு இவ்வளவு, வீடில்லாம தெருவுல நிக்கறதுக்கு இவ்வளவுன்னு தேவையை அளந்து வரிசையில வைக்கறாங்க. அதாவது நம்ம ரெண்டு வாரியமும் கேக்காத அந்தக் கேள்வியை அவங்க கேக்கறாங்க. அதோட உள்ளூர்த் தொடர்பு இருக்கான்னும் பார்ப்பாங்க, எத்தனை வருஷமா இந்த ஏரியாவுல இருக்கே, வேலை இங்கயா, சொந்தக்காரங்க இங்கயான்னு. ஒரே இடத்துல நாற்பது வருஷம் இருந்தா அங்க வரிசையில முன்னாடி. இங்க நாற்பது வருஷம் இருந்ததுக்கான அத்தாட்சியைக் காட்டினாதான் இருபது கிலோமீட்டர் தள்ளி அனுப்புவாங்க!

ரொம்பப் புகழ வேண்டாம். நம்ம ஈழத் தமிழ் உறவுகள் நிறைய இருக்கற ஈஸ்ட் ஹாம் வர்றது நியூஹாம் கவுன்சில்ல. 2012-ல, ஒலிம்பிக்ஸ் நடந்த அதே வருஷம், அந்தக் கவுன்சில் தன் ஊர் ஏழைக் குடும்பங்கள் 500 வரைக்கும் எடுத்துக்க முடியுமான்னு 200 கிலோமீட்டருக்கு மேல தள்ளி இருக்கற ஸ்டோக்-ல ஒரு வீட்டுவசதி அமைப்புக்குக் கடிதம் எழுதிச்சு. அடுத்த வருஷம் ஒரு விடுதியில இருந்த இளம் தாய்மார்களை மான்செஸ்டர், பர்மிங்காம்னு போகச் சொன்னப்போ அவங்க கைக்குழந்தையோட தெருவுல இறங்கிப் போராடினாங்க. நிலத்தோட விலை ஏறினா ஏழை நகரணும்ங்கறது தேம்ஸ் ஓரமும் அடையாறு ஓரமும் ஒரே சட்டமாத்தான் இருக்கு.

இப்போ அப்பா ரசீதுக்குத் திரும்ப வரேன். ஒரு விஷயம் உறுத்திக்கிட்டே இருக்கு. குலுக்கல்ல தோத்த எங்கப்பா மாதிரி ஆயிரக்கணக்கான பேர்தான் சேலையூர், ராஜகீழ்ப்பாக்கம், செம்பாக்கம், மாடம்பாக்கம்னு இந்தத் தெற்குப் புறநகரையே உண்டாக்கினாங்க. பஞ்சாயத்து சீல் குத்தின லேஅவுட், அரை கிரவுண்டு, முதல்ல ஒரு ரூம், அப்புறம் இன்னொரு ரூம். அந்த லேஅவுட்ல நிறையதுக்கு முறையான அனுமதி கிடையாது. ஏரிக்கு வர்ற வாய்க்கால் எத்தனை எங்க வீடுகளுக்கு அடியில போச்சுன்னு மழை பெய்யறப்போ தெரியும். ஆனா எங்க சுவத்துல யாரும் வந்து பெயின்ட்ல நம்பர் எழுதல. 2017-ல அனுமதியில்லா மனைகளை வரன்முறைப்படுத்த அரசு விதி கொண்டு வந்துது. கட்டணம் கட்டினேன், பேப்பர் வந்துது, முடிஞ்சுது. நாங்க பண்ணினதும் ஒரு வகையில விதிமீறல்தான். எங்களுக்கு ரசீது, அக்காவுக்கு லாரி. ஆத்துக்குள்ள இருக்கறது வேற, ஏரி வாய்க்கால் மேல இருக்கறது வேறன்னு நீங்க வாதாடலாம். நானும் ரெண்டு நாள் மனசுக்குள்ள வாதாடிப் பார்த்தேன், ஜெயிக்க முடியல.

சோழிங்கநல்லூர்ல ஹவுசிங் போர்டு கட்டின அடுக்குமாடி வீடுகள் பலது வாங்க ஆள் இல்லாம வருஷக்கணக்கில பூட்டிக் கிடந்ததா பேப்பர்ல வந்துது. பெரும்பாக்கத்துலேருந்து சில கிலோமீட்டர்தான். 1984-ல எங்கப்பா லீவு போட்டு வரிசையில நின்னாரே, அந்தப் பெட்டிக்குள்ள இப்போ சீட்டுப் போட ஆளில்ல. விலை அப்படி.

கண்ணகி நகரைப் பத்தி எழுதினா எல்லாரும் போலீஸ் கதைதான் எழுதுவாங்க. 2020-ல சுவரெல்லாம் பெரிய பெரிய ஓவியம் வரைஞ்சு பேர் வாங்கின இடம் அது. 2025-ல பஹ்ரைன்ல நடந்த ஆசிய இளையோர் விளையாட்டுப் போட்டியில தங்கம் ஜெயிச்ச இந்திய மகளிர் கபடி அணியில ஒரு பொண்ணு கண்ணகி நகர்க்காரி. அந்தப் பொண்ணைப் பார்க்க ஊரே திரண்ட வீடியோவை அக்கா போன்ல எனக்குக் காட்டினாங்க.

அன்னைக்குத்தான் அவங்க கேட்டாங்க. பெரிய பையனுக்குக் கல்யாணம் ஆகி ரெண்டு குழந்தை, எல்லாரும் அந்த ஆறாவது மாடி வீட்டுலதான். அவன் பேர்ல தனியா ஒரு வீடு கேக்க முடியுமா? பார்த்தேன். பிரதமர் பேர்ல இருக்கற வீட்டுத் திட்டத்துல புருஷன், பொண்டாட்டி, கல்யாணமாகாத பிள்ளைங்க சேர்ந்தாதான் ஒரு குடும்பம். வருஷ வருமானம் 3 லட்சத்துக்குள்ள, நாட்டுல எங்கயும் சொந்தமா கான்கிரீட் வீடு இருக்கக்கூடாது. அந்தக் கணக்குப்படி அவன் தனிக் குடும்பம்தான். கதவை இல்லாம அடுப்பை எண்ணற கணக்கு. பயனாளி பங்குன்னு ஒரு தொகை கட்ட வேண்டி வரும், அதைச் சொன்னேன். முகம் கொஞ்சம் சுருங்குச்சு.

"சைதாப்பேட்டை பக்கம்னு எழுதலாமா தம்பி?"

ஞாயித்துக்கிழமை பையனைக் கூட்டிக்கிட்டு வரச் சொல்லியிருக்கேன், ஆதாரையும் வருமானச் சான்றையும் எடுத்துக்கிட்டு. அப்பா ரசீதை மட்டும் எடைக்குப் போடல. உங்க வீட்டுப் பரண்ல இந்த மாதிரி பழைய குலுக்கல் சீட்டு, ஒதுக்கீட்டு ஆணை எதாவது கிடந்தா சொல்லுங்க மக்களே, எந்த வருஷம், எந்த ஏரியா, விழுந்துதா இல்லையான்னு.